இருபத்து நான்கு மீட்டர்

ஆரம்பாக்கத்தின் கடைசி மின்கம்பத்தில்
நான்கு கண்ணிகளையும் மாட்டிவிட்டு
பின்னோக்கி நடக்கிறேன்.
பதினெட்டாவது எட்டில் ஆந்திரா வந்துவிடும்.
தார் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.
கைக்கட்டை அந்த மாநிலத்தில்
கயிற்று நுனி இந்த மாநிலத்தில்
நடுவில் ஒரு வெள்ளாடு
குனிந்து கடந்து போகிறது.

பட்டத்தில் ஏறிப் பறக்கிறவள் என்று
தடா பேருந்து நிலையத்தில் என்னைச் சொல்கிறார்கள்.
ஏறுவதில்லை.
பட்டம் மேலே, நான் கீழே, பலகை காலடியில்.
இடையில் இருப்பதெல்லாம்
ஊதுவத்திக் குச்சியைவிட மெல்லிய
இந்த நான்கும்தான்.

முன்நூல் இரண்டும் உடம்பைச் சுமக்கும்.
பின்நூல் இரண்டும் திசையைத் திருப்பும்.
சுமக்கிறது நீளும்.
திருப்புகிறது உப்பில் ஊறி, காய்ந்து, சுருங்கும்.
அப்புறம் ஒருநாள் நல்ல காற்றில்
பட்டம் பின்னால் சரிந்து
பழவேற்காட்டு ஏரியில் குந்திக்கொள்ளும்,
போகமாட்டேன் என்கிற நாய்போல.

வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீசிட்டி ஆலையில்
யாரோ ஓட்டப்போகும் காரின் பிரேக் தகட்டை அளக்கிறேன்.
மயிரிழை கூடினால் சிவப்புப் பெட்டி.
ஏழாம் நாளும் அளவுநாடாவோடு நிற்பதைப் பார்த்து
சூரிபாபு சிரிப்பான்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பாதிப் பட்டம் அவனுடையது.
எந்தப் பாதி என்று இன்னும் பேசவில்லை.

மழை பொய்த்த வருஷம்
ஏரி கடலைவிட உப்பு.
நீரில் இருக்கும்வரை உப்பு சாதுதான்.
காய்ந்ததும் இழைக்குள் கண்ணாடித்தூள்;
வெளியே ஒன்றும் தெரியாது,
உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கும்.
அதனால் இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கி
குடிக்கிற தண்ணீரில் நூலைக் குளிப்பாட்டுகிறேன்.
கேன் போடும் பையன்
"எவ்ளோ பேருக்கு அக்கா?" என்று கேட்பான்.
நாலு பேருக்கு என்பேன்.

சோப்பு கூடாது. பிழியக் கூடாது.
வெயிலில் போடவே கூடாது.
எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும்,
ஒரே பக்கம் சுற்றினால் முறுக்கு ஏறும்.
இதையெல்லாம் சூரிபாபுவிடம் சொன்னால்
"ஏம் காது" என்பான்.
ஒன்றும் ஆகாதாம்.

இன்று இழுத்துப் பிடித்தால்
வலது பின்நூல் நாலு விரல் குட்டை.
இவ்வளவு சுருங்காது.
கட்டைவிரல் நகத்தை நூலில் வைத்து
மெதுவாக நடந்தேன்.
எல்லை தாண்டி மூன்றாம் எட்டில்
தமிழ்நாட்டுப் பக்கம்
ஒரு நெல்மணி தட்டியது.

முடிச்சு.
முடிச்சு விழுந்த நூலுக்குப் பாதி பலம்தான்.

"சிப்பித் திட்டில மாட்டி அறுந்துபோச்சு.
உனக்கு நைட் ஷிஃப்டு. எழுப்ப வேணாம்னு..."
மீன்வலைக்காரன் போடுகிற முடிச்சு, அழகாகத்தான் இருந்தது.
மூன்று ஞாயிறு அதில் தொங்கியிருக்கிறேன்.
மூன்றாம் ஞாயிறு ராக்கெட் தளம் இருக்கும் தீவு தெரிகிற அளவு
உயரக் குதித்து
கரையைப் பார்த்துக் கத்தினேன், சந்தோஷத்தில்.
அப்போது அவன் கை ஆட்டவில்லை,
இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
வெயில் என்று நினைத்தேன்.

திட்ட வாயெடுத்தேன்.
போன மாதம் ஸ்கூட்டர் பின்சீட்டில்
இரண்டு முழுப் பகல் நூல் கிடந்து வெளுத்ததை
நானும்தான் சொல்லவில்லை.
சொன்னேன்.
அவன் வெளுத்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.
"ஏம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

முடிச்சு நூலைக் கழற்றி, மாற்று நூலைக் கோத்தோம்.
நான்கும் ஒரே தடிமன் என்பதால்
சுமந்தவற்றைப் பின்னுக்கும்
திருப்பியவற்றை முன்னுக்கும் மாற்றினோம்.
நுனிகளையும் தலைகீழாக்கினோம்:
இவ்வளவு நாள் கைப்பக்கம் தேய்ந்தது
இனி வானத்துப் பக்கம் இருக்கட்டும்.

கழித்த நூலால் ஆட்டோவில்
கேஸ் சிலிண்டர் கட்டப் போகிறானாம்.
முடிச்சை நீக்கிவிட்டுக் கட்டு என்றேன்.

இருட்டிவிட்டது.
அவன் ஆந்திராவிலிருந்து கட்டையை இழுத்தான்.
நான் கம்பத்தடியில் உட்கார்ந்து
நான்கையும் ஒருமுறை சுண்டினேன்.
மூன்று ஒரே சத்தம்.
நான்காவது, புதுசு,
கொஞ்சம் உரக்க.